ஏரியையே காலி செய்த மீன்... தூண்டிலோடு தேடிவரும் சுற்றுலாப் பயணிகள்!

பனாமாவின் கம்போவா படகுத்துறைக்குக் காலையிலேயே சுற்றுலாப் பயணிகள் வந்துவிடுகிறார்கள். பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றை மறித்து உருவாக்கிய கட்டூன் ஏரியில் மீன்பிடிப்பதுதான் திட்டம். ஒருபக்கம் கப்பல்கள் நகர, வழிகாட்டிகள் மூழ்கிய காட்டின் பட்டமரங்களுக்கு நடுவே படகை நிறுத்துகிறார்கள். உயிருள்ள சிறு மீனைத் தூண்டிலில் கோத்து வீசினால், சிக்குவது 'பீகாக் பாஸ்'. வாலில் மயில்தோகைக் கண்போல புள்ளி இருப்பதால் இந்தப் பெயர்.

ஆனால், இது இந்த ஏரியின் மீனே அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து குளத்தில் வளர்க்கப்பட்டது, 1960-களின் பிற்பகுதியில் தப்பி ஏரிக்குள் புகுந்தது. சில ஆண்டுகளிலேயே உள்ளூர் மீன் இனங்கள் பல கிட்டத்தட்ட காணாமல்போனதை 1973-ல் ஸாரெட், பெயின் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கொசுப்புழுக்களைத் தின்னும் சின்ன மீன்களும் அதில் அடக்கம். மீனை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன.

இன்று அதே மீன்தான் வழிகாட்டிகளின் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. இந்த மீனின் தாயகமான அமேசானில், பிடித்ததை மீண்டும் ஆற்றிலேயே விடுவது இத்தகைய பயணங்களின் வழக்கம். இங்கே பலரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துவிடுகிறார்கள். ஏரியில் மிச்சமிருக்கும் சின்ன மீன்கள் அதற்காக வருத்தப்படப்போவதில்லை!