நெஞ்சுக்குள் கேட்கும் விசில்

"வத்தல் மண்டியில் இருந்துகொண்டு தும்மாமல் இருக்க முடியுமா?" என்று நாற்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். ஆறு வருடங்களுக்கு முன் மாசி மாதம், புது வத்தல் வரத்து மும்முரமாக இருந்த சமயம், இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூதுவளை, மிளகுக் கஷாயம் எல்லாம் குடித்துப் பார்த்தேன். பங்குனிப் பொங்கலுக்குக் கடை அடைத்த நாட்களில் சத்தம் அடங்கியது. கடை திறந்த அன்று இரவே திரும்பி வந்தது.

டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "லீவு நாட்களில் எப்படி இருக்கிறது?" என்பதுதான்.

வீசிங் என்பது என்ன?

வீசிங் ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவதாலும், உட்சுவர் வீங்குவதாலும், சளி அடைப்பதாலும் பாதை குறுகிவிடுகிறது. இருபக்கமும் மூட்டை அடுக்கிய சந்தில் லாரி நுழைவது போல, காற்று நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம்தான் விசில். பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும்.

இதற்கு ஆஸ்துமா ஒன்றுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் நுரையீரல் கெட்டு வரும். இருதயம் பலவீனமானாலும் வரும். நிலக்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென வந்தால், பருப்பு மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். எனவே பக்கத்து வீட்டுக்காரர் மருந்தை நாம் வாங்கிச் சாப்பிடுவது தவறு.

நம் தொழிலும் தூசியும்

தானியம் சலிப்பவர்களும் அளப்பவர்களும் மூச்சிரைப்பால் அவதிப்படுவதை இத்தாலி நாட்டு மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். வத்தல் நெடி மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். கோதுமை மாவு, ஆமணக்கு விதைத் தூசி, தானியத்தில் இருக்கும் வண்டு, சிற்றுண்ணி ஆகியவை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாத தூசி, ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். "இத்தனை வருடம் வராதது இப்போதா வரும்?" என்பது தப்புக் கணக்கு.

அந்தத் தப்புக் கணக்கை நானும் போட்டவன். எங்கள் கடையில் பதினெட்டு வருடம் சல்லடை போட்டவர், "மொதலாளி, நெஞ்சு அடைக்குது, வேற வேலை குடுங்க" என்று கேட்டார். இருமல் மருந்துக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். எனக்கு வந்த பிறகுதான் அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், என்னைவிடப் பத்து வயது இளையவரான அவருடைய மூச்சு என்னுடையதைவிட மிகவும் குறைந்திருந்தது. இப்போது சிட்டை எழுதும் இடத்தில் இருக்கிறார். இரவில் தூங்குகிறார். ஆனால் மாடி ஏற முடிவதில்லை. அவர் கேட்டபோதே மாற்றியிருந்தால் இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது. அந்த நஷ்டம் என் பற்றில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவோம் என்பது வீண் பயம். மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஆஸ்துமாக்காரர்கள் உடனே சுகம் தரும் மருந்தை மட்டும் நம்பாமல், வீக்கத்தைக் குறைக்கும் மருந்தையும் டாக்டர் சொன்னபடி விடாமல் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோடு விசில் சத்தம் திடீரென நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

கடையில் நாங்கள் செய்தது கொஞ்சம்தான். சலிப்பதைக் கிட்டங்கிக்கு வெளியே மாற்றினோம். வெளிக்காற்றாடி போட்டோம். காலிச் சாக்கை உள்ளே உதறுவதை நிறுத்தினோம். துண்டைக் கட்டுவதற்குப் பதில் என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு மூட்டை வத்தல் விலைகூட ஆகாத செலவு சில உண்டு. அவற்றை நாளைக்குத் தள்ளாதீர்கள். உங்கள் கடையில் யாராவது நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னால், "லீவு நாளில் எப்படி இருக்கிறது?" என்று அன்றே கேளுங்கள்.