பசுமை திரும்பினாலும் எரிமலை ஓய்வதில்லை

1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. தீவின் பெரும்பகுதி கடலில் மறைந்தது. அப்போது எழுந்த பேரலைகளில் 36,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

எஞ்சிய நிலத்தைச் சாம்பல் மூடியிருந்தது. ஒன்பது மாதங்களின் பின்னர் அங்கு சென்றவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சிறிய சிலந்திதான். 1886இல் பன்னங்கள் முளைத்திருந்தன. காற்றும் கடலும் பறவைகளும் விதைகளைக் கொண்டு வந்தன. அரை நூற்றாண்டுக்குள் அங்கே காடு வளர்ந்துவிட்டது.

1927இல் அதே கடலடியில் மீண்டும் குமுறல் ஆரம்பித்து, புதிய தீவொன்று தலைதூக்கியது. அதன் பெயர் அனக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் பிள்ளை. கரிய மணலையும் புகையும் உச்சியையும் காணச் சுற்றுலாப் பயணிகள் படகுகளில் வந்தனர்.

2018 டிசம்பர் 22 இரவு அந்தப் பிள்ளையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து சுனாமி எழுந்தது. விடுமுறைக்காகக் கரையோரத்தில் தங்கியிருந்தவர்கள் உட்பட 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பெரிய பூமியதிர்ச்சி ஏற்படாததால் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை.

சுனாமி என்றதும் 2004இன் பூமியதிர்ச்சியே நமக்கு நினைவுக்கு வரும். எரிமலையும் சுனாமியை எழுப்பும் என்பதை கிரகடோவா இருமுறை காட்டிவிட்டது. அதன் அழகைக் காணச் செல்வோர், பசுமையைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணாமல், அதிகாரிகள் வகுக்கும் தடை எல்லையை மதிக்க வேண்டும்.