திடீர்னு நெஞ்சு படபடக்குதா? பயம்னு ஒதுக்காதீங்க!

நாரணாபுரத்தில் இருந்து ஒரு தாய் தன் மகளை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். பெண்ணுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு அச்சாபீஸில் கணக்கு எழுதும் வேலை.

"டாக்டரய்யா, சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறா. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருது. ஏதோ வெடிச் சத்தத்துல பயந்திருப்பா. திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம். கேக்கலை."

அன்று நாடி சீராகத்தான் இருந்தது. நானும் 'வாயு' என்றே நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். அது என் தவறு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மதியம், படபடப்பு இருக்கும்போதே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்து நரம்பு துடித்தது கண்ணுக்கே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அரை நிமிடத்தில் 95, அதாவது நிமிடத்துக்கு 190!

பயந்தால் நாடி இவ்வளவு ஓடுமா?

உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. 220-இல் இருந்து வயதைக் கழித்தால், முழு வேகத்தில் ஓடும்போது இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு தோராயமாகக் கிடைக்கும். 19 வயதுக்கு அது 201. மூச்சிரைக்க ஓடும்போது வரவேண்டிய துடிப்பு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வந்தால் அதைப் பயம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பயத்திலும் காய்ச்சலிலும் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இந்த வகைப் படபடப்போ சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி, சுவிட்சை அணைத்தது போல நிற்கும். நின்ற பிறகு சிலருக்குச் சிறுநீர் அதிகமாகப் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம்ம ஊர்க்காரர்களுக்குத் திரியைச் சொன்னால் புரியும். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின் துடிப்பு, நடுவில் உள்ள ஒரே வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு கிளைத் திரி இருக்கும். ஒரு வழியில் இறங்கிய மின்சாரம் மறுவழியில் மேலேறி, வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் இதயம் தறிகெட்டு ஓடும். 1930-ஆம் ஆண்டிலேயே உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள், மற்றபடி ஆரோக்கியமாக இருந்த 11 பேரிடம் இதில் ஒரு வகையைக் கண்டு எழுதினார்கள்.

'ஏப்பம் விட்டதும் சரியாயிடுச்சு, அப்ப வாயுதானே?' என்று பலர் கேட்பார்கள். நானும் ஏமாந்தது அங்கேதான். ஏப்பம் விடும்போதும், முக்கும்போதும், வாந்தி எடுக்கும்போதும் வேகஸ் என்ற நரம்பு தூண்டப்படுகிறது. அது இதயத்துக்குப் பிரேக் மாதிரி. பிரேக் பிடித்ததால் நின்றதே தவிர, வாயு வெளியேறியதால் அல்ல!

எல்லாப் படபடப்பும் இதுவா?

இல்லை. ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, காய்ச்சல், வெயிலில் நீர் வற்றுவது, காலைப் பட்டினியோடு நாலு டீ, மனப்பதற்றம் எல்லாமே படபடப்பைத் தரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவை. சிறு வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்த பிள்ளை என்றால் இதய வால்வையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வையுங்கள். வாத, பித்த, கபம் பார்க்க வேண்டாம். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகம் என்றால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள்.

* எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று எழுதி வையுங்கள்.

* படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுப்பதுதான் முக்கியம். நின்ற பிறகு எடுத்தால் பலருக்கு 'நார்மல்' என்று வந்துவிடும். எடுத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

* கண்ணை அழுத்துவது, கழுத்தைப் பிசைவது கூடவே கூடாது.

மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ, விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ தாமதம் வேண்டாம். படபடப்பும் மயக்கமுமாக இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோய் இன்னதென்று உறுதியான பிறகு டாக்டர் ஒரு பயிற்சி சொல்லித் தருவார். சாய்ந்து உட்கார்ந்து, ஊசி போடாத 10 மி.லி. சிரிஞ்சின் வாயில் அதன் தண்டு நகரும் அளவு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, கூட இருப்பவர் இரண்டு காலையும் 15 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். வெறுமனே ஊதினால் நூற்றில் 17 பேருக்கும், இப்படிக் காலைத் தூக்கினால் 43 பேருக்கும் துடிப்பு சீரானது என்று 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டியது.

மூலிகை கைகொடுக்குமா?

பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தவன் சொல்கிறேன்: கிளைத் திரியை அறுக்கும் மூலிகை என்னிடம் இல்லை. மருதம்பட்டை நல்ல மருந்துதான். ஆனால் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது. அதிமதுரத்தை அதிகமாகவும் நாள்கணக்கிலும் சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து, அதனாலேயே இதயத் துடிப்பு தடுமாறலாம்.

அந்தப் பெண்ணை அன்று உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி. எடுத்து, அடினோசின் ஊசி போட்டார்கள். சில விநாடி நெஞ்சை அடைத்தது போல இருந்து, துடிப்பு இறங்கியது. பிறகு மதுரையில் தொடை நரம்பு வழியாகக் கம்பி செலுத்தி, அந்தக் கிளைத் திரியை வெப்பத்தால் அணைத்தார்கள். நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை. இந்தச் சிகிச்சை பெரும்பாலானோருக்கு ஒரே தடவையில் நிரந்தரத் தீர்வு தருகிறது.

அதற்கு முன் அந்தத் தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஐயா, இருதய நோவுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவா?"

"ஊருக்குத் தெரியாம மறைச்சுடலாம்மா. அது வர்ற நேரத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா? மாசமா இருந்தா?" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. மறுநாளே மதுரைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நெஞ்சு படபடக்குது என்று சொன்னால், 'பயந்தாங்கொள்ளி' என்று சொல்வதற்கு முன் கையைப் பிடித்து நாடியை எண்ணுங்கள். அரை நிமிடம் போதும்!