புகையும் ஈர விறகும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, ஆறிவிடும். அந்த மாத்திரைப் புட்டி இப்போதைக்கு மேசையிலேயே இருக்கட்டும்.

மாமாவுக்குப் பெருங்குடலில் கட்டியை எடுத்து நான்கு வாரம் ஆகிறது. அடுத்து கீமோ. உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்தவர்கள் அதிக நாள் இருப்பதில்லை என்று எங்கேயோ படித்துவிட்டு உங்கள் மகன் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை வாங்கி வந்திருக்கிறான். அவன் படித்தது பொய்யில்லை. ஆனால் படித்த கையோடு புட்டிக்குத் தாவிவிட்டான். அந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துவிடுகிறது, மோர்த் தண்ணீரில் போட்டால் கறுப்பதில்லை அல்லவா? ஆக்ஸிஜன் பட்டு நடக்கிற வேலை அது. நம் செல்களும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் சக்தி எடுக்கின்றன. அப்போது அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோலச் சில மூலக்கூறுகள் தெறித்து, செல்லின் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் சுடும். பொறியை அணைக்க உடம்பிலேயே ஆள் உண்டு; அதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட். செல்லுக்குள் குளுட்டாதயோன், ரத்தத்தில் அல்புமின், யூரிக் அமிலம். மஞ்சள் காமாலையில் நம்மைப் பயமுறுத்தும் பிலிருபின்கூட அளவோடு இருக்கும்போது இந்த வேலையைச் செய்கிறது. பொறி பட்டுக் கருகிய கொழுப்பின் மிச்சம்தான் மாலோன்டைஆல்டிஹைடு. இதையெல்லாம் அளந்து பார்க்கலாம்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் அல்புமின் குறைவாக இருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்குப் பின்னாளில் நிலைமை மோசமாகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஏன் குறைகிறது என்பதுதான் முக்கியம். அல்புமினைச் செய்வது ஈரல். கட்டியால் உடம்பில் அழற்சி கூடும்போது ஈரல் அல்புமினைக் குறைத்துக்கொண்டு வேறு புரதங்களைச் செய்யப் போய்விடுகிறது. பசியும் போய், சாப்பாடும் குறைகிறது. ஆக, நோய் உடம்பை எவ்வளவு உலுக்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. புகையைப் பார்த்து விறகு ஈரம் என்று தெரிந்துகொள்ளலாம். புகையை விசிறி விரட்டினால் விறகு காய்ந்துவிடாது.

இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட இடம் பின்லாந்து. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்தவர்களுக்கு நுரையீரல் புற்று அதிகம் வருவதை முதலில் கவனித்திருந்தார்கள். அப்படியானால் அதையே கொடுத்துப் பார்ப்போம் என்று 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று சுமார் 18 சதவீதம் அதிகம். நல்ல எண்ணத்தில் கொடுத்த மாத்திரை அது. எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

பெருங்குடலுக்கும் தனியாகச் சோதனை நடந்தது. குடலில் பாலிப் (பின்னால் புற்றாக மாறக்கூடிய சதை முளை) எடுக்கப்பட்ட 864 பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ கொடுத்து நான்கு வருடம் பார்த்தார்கள். புதிய பாலிப் வருவது குறையவில்லை. நோய் முற்றியவர்களிடமும் பார்த்தார்கள். வைட்டமின் சி புற்றுநோய்க்கு உதவும் என்று இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் உறுதியாக நம்பினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக், முற்றிய பெருங்குடல் புற்று இருந்த 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தினம் 10 கிராம் வைட்டமின் சியும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தது. 1985-இல் வந்த முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

இன்னொன்று இருக்கிறது அக்கா, பலரும் யோசிக்காதது. புற்றுச் செல்லும் உயிருள்ள செல்தான். அதற்குள்ளும் பொறி தெறிக்கிறது, நல்ல செல்லைவிட அதிகமாகவே. அதனால் அதுவும் குளுட்டாதயோனைச் சேர்த்து வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறது. பெருங்குடலுக்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகளையே குளுட்டாதயோன் பிடித்துக் கட்டி முடக்கிவிடும். ஆகவே ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல் என்பதும் கட்டிக்குள் கூடுதல் என்பதும் ஒன்றல்ல. முதலாவது நல்ல சேதியாக இருக்கலாம், இரண்டாவது கெட்ட சேதியாக இருக்கலாம். வாயால் விழுங்கும் மாத்திரை யாருக்குப் போய்ச் சேரும் என்று நாம் எப்படிச் சொல்வது? கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

மாமாவின் நிலைமை எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுங்கள். கட்டி குடல் சுவரில் எத்தனை ஆழம் போயிருந்தது, எத்தனை நெறிக்கட்டிகளைப் பார்த்தார்கள், அதில் எத்தனையில் புற்று இருந்தது என்று கேளுங்கள். குறைந்தது 12 நெறிக்கட்டியாவது பார்த்திருக்க வேண்டும். கட்டியின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் எம்.எஸ்.ஐ. சோதனை செய்தார்களா, ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்ற புற்றுக் குறியீட்டின் அளவு ஆபரேஷனுக்குப் பின் இறங்கியதா என்றும் கேளுங்கள். எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணையும்விட இவைதான் இன்று டாக்டருக்கு வழிகாட்டுகின்றன.

அல்புமின் குறைவாக இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டாம். மாமா ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார், முட்டையும் பருப்பும் இறங்குகிறதா, இந்த நான்கு வாரத்தில் எத்தனை கிலோ குறைந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வியாழக்கிழமை போகும்போது அந்தத் தாளையும் இந்தப் புட்டியையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.