வேடர் கைவில்

ஊவா என்றவுடன் தேயிலைத் தோட்டங்களே பலர் நினைவுக்கு வரும். ஆயினும் கவ்வாத்துக் கத்திக்கு நெடுங்காலம் முந்திய கருவி ஒன்று அம்மாகாணத்தில் உண்டு; அதுவே வில். பதுளை மாவட்டத்தின் வடபுறத்தே, மகியங்கனையை அடுத்த தம்பானையில் வாழும் வேடரின் முன்னோர் அதனைக் கொண்டே உயிர் வளர்த்தனர். இலங்கையின் பாகியன் குகையிற் கிடைத்த எலும்பு முனைகளுட் சில, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்புமுனைகளாகலாம் என 2020இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது.

ஒரே கம்பில் வில் செய்வது எளிதுபோலத் தோன்றும், அன்று. கணுவும் முறுக்குமின்றி நேராக வளர்ந்த மரத்தைத் தேர்ந்து வெட்டி, பட்டையுரித்து, நிழலில் மெல்ல உலர்த்துதல் வேண்டும். வெயிலிற் காய்ந்த கம்பு வெடித்துவிடும். வில்லை வளைக்கும்போது அதன் புறப்பக்கம் இழுபடும். நாணை நோக்கிய அகப்பக்கம் நெருக்குண்ணும். ஆதலின் புறப்பக்கத்து நாரைக் கத்தி அறுத்தலாகாது. அறுத்த இடத்திலேயே முறிவு தொடங்கும். செதுக்குவதெல்லாம் அகப்பக்கத்தே. சிறிது வளைத்துப் பார்ப்பர். விறைத்து நிற்கும் இடத்தைச் சீவுவர். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடார். சீவியதை மீண்டும் ஒட்ட இயலாதன்றோ? இரு தோள்களும் ஒப்ப வளைந்தபின், நுனிகளிற் குதை அமைத்து நாணேற்றுவர். வேடர் நாணுக்கு மரப்பட்டை நாரையே முறுக்கினர்.

அம்பின் இரும்பு அலகை மட்டும் அவர்கள் வெளியாரிடம் பெற்றனர். 1681இல் வெளியான தம் நூலில் இராபட் நொக்சு அம்முறையை விவரித்துள்ளார். இரவில் கொல்லன் பட்டடையில் இறைச்சியையும், வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால், மேலும் இறைச்சி கொணர்ந்து தருவராம்.

1983இல், மகாவலித் திட்டத்தையொட்டி, மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தது. வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடுகள் அதனுள் அடங்கின, வேட்டை குற்றமாயிற்று. கானுயிர்க்குக் காவல் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அக்காட்டை அறிந்தோரின் வாழ்வுக்கும் அதில் இடம் வேண்டும் என்பது வேடரின் நெடுநாள் முறையீடு. இன்று தம்பானையில் காண வருவோர்க்கு வில்லெய்து காட்டுகின்றனர். வில்லின் வடிவை அங்ஙனம் காட்டிவிடலாம். எம்மரம் வளையும், எம்மரம் முறியும் என்ற அறிவோ காட்டில் நடந்து பெறுவது. காட்டுவழி அடைபடின் அவ்வறிவு இளையோர்க்கு எவ்வாறு எட்டும்?