குளிர் நாட்டிற் சுருள்முடி பேணல்

மகளிர் கூந்தலை ஐவகையாக முடிக்கும் வழக்கினை நம் முன்னோர் ‘ஐம்பால்’ என்றனர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பன அவ்வைந்துமாம். அவற்றுள் சுருளும் ஒன்றாக வைத்தெண்ணப்பட்டமையும், ஆற்றுமணலின் அறலைக் கூந்தற்கு உவமையாகப் புலவர் பலகாலும் எடுத்தாண்டமையும், நெளிந்த கூந்தலை நம்மவர் அழகெனவே கொண்டனர் என்பதைக் காட்டும். அங்ஙனமாகவும், இயல்பிலேயே சுருண்ட முடியுடைய நம் மாணவர் சிலர், மேற்படிப்பின் பொருட்டு எடின்பரோ, தொராந்தோ முதலிய குளிர்நகரங்களுக்குச் சென்றபின், முடி வறண்டு நொறுங்கக் கண்டு வருந்தி, அதனை ஒட்டக் கத்தரித்துவிடுகின்றனர். அன்றேல் சூட்டிரும்பால் நீட்டி மேலும் கெடுத்துக்கொள்கின்றனர். இரண்டும் வேண்டா. காரணம் அறிந்தார்க்குக் காத்தல் எளிது. ஆதலின் முதற்கண் காரணத்தையும், பின்னர்க் காக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மயிர் கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. அதன் மேற்புறத்தை நுண்ணிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேலொன்று கவிந்து மூடியிருக்கின்றன. மயிரைக் குறுக்கே அறுத்து நுண்பெருக்கியால் நோக்கின், நேர்முடி பெரும்பாலும் வட்டமாகவும் சுருள்முடி நீள்வட்டமாகவும் தோன்றும். தோலினுள் சுருள்முடி முளைக்கும் குழியும் வளைந்தேயிருக்கும். இவ்வமைப்பால் விளைவன இரண்டு. தலைத்தோலிற் சுரக்கும் இயற்கை நெய் நேர்முடியில் வேரினின்று நுனிநோக்கி எளிதில் இறங்கும். சுருளிலோ வளைவுதோறும் தடைப்பட்டு நுனியை நன்கு எட்டாது. மேலும், வளைவுகளில் செதில்கள் சற்றே விரிந்து நிற்றலின், உராய்வால் அவை பெயர்தலும் மயிர் முறிதலும் மிகும். எனவே சுருள்முடி எந்நாட்டிலும் வறட்சிக்கு எளிதில் இலக்காவதே.

இனி, குளிர் செய்வது யாது? 0 பாகை வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 4.8 கிராம் நீராவியையே கொள்ளும். 20 பாகையில் 17.3 கிராம் கொள்ளும். வெளியே பனி பெய்து காற்று ஈரம் நிறைந்ததாகத் தோன்றினும், அக்காற்றே அறையினுட் புகுந்து 20 பாகைக்குச் சூடேறுங்கால், தான் கொள்ளக்கூடிய நீராவியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே உடையதாகிவிடும். அவ்வறட்காற்று தோலினின்றும் முடியினின்றும் ஈரத்தைக் கவர்கின்றது. ஆகவே, முடியை வாட்டுவது வெளிப்பனி மட்டுமன்று, கணப்பு மூட்டிய அறையுமாம். மயிர் ஈரம் பெற்றால் நீளும், இழந்தால் குறுகும். இப்பண்பைக் கொண்டே ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் என்பார், மயிரிழையால் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியமைத்து, அதனை 1783-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

காக்கும் முறைகளுட் சிறந்தவை வருமாறு:

முதலாவது, தலை முழுகல். குளிருக்கஞ்சிக் கொதிநீரை நாடுதல் இயல்பே. ஆயினும் அது நெய்ப்பசையை அறவே நீக்கும். இளஞ்சூட்டு நீரே தக்கது. தினந்தோறும் ஷாம்பு இடாது, வாரம் ஒருமுறை இடுதல் பெரும்பாலோர்க்குப் போதும். அதன்பின் கண்டிஷனர் பூசி, அது முடியிலிருக்கும்போதே விரலாலேனும் அகன்ற பல்லுடைய சீப்பாலேனும் நுனியிலிருந்து தொடங்கி மேனோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். உலர்ந்த சுருளை நெருங்கிய பல்லுடைய சீப்பால் இழுப்பின் அது முறியும்.

இரண்டாவது, எண்ணெய். தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிமவெண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இந்திய ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மயிரின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே எனக் கண்டனர். ஆகவே நம் பாட்டிமார் வழக்கம் அறிவியலொடு முரணவில்லை. ஆனால் அவ்வெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழ் உறைந்துவிடும். குப்பியைச் சிறிதுபொழுது வெந்நீரில் நிறுத்தி உருக்கிக்கொள்க. முழுகுதற்கு முன்னிரவில் முடியின் நடுவிலும் நுனியிலும் தடவுதல் நன்று. பொடுகுடையார் தலைத்தோலில் மிகுதியாகத் தேய்த்தல் ஆகாது. பொடுகிற்குத் துணைசெய்யும் மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெயுண்டே வாழ்வதாம்.

மூன்றாவது, உலர்த்தலும் மூடலும். முரட்டுத் துவாலையால் தேய்க்காது, பழகிய வேட்டித்துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். ஈரமயிர் எளிதில் நீண்டு அறுமாதலின், நன்கு உலர்ந்தபின்னரே வெளிச்செல்லல் நலம். கம்பளிக் குல்லாய் குளிரைத் தடுக்குமாயினும் சுருளை உராய்ந்து கெடுக்கும். அதனுட்புறம் பட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்ளின் அக்குறை நீங்கும். தலையணையுறைக்கும் இஃதொக்கும்.

நான்காவது, விலக்கத்தக்கன. ஈரமுடியிற் சூட்டிரும்பு வைப்பின், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மயிரினுட் குமிழிகளை உண்டாக்கி அதனை முறிக்கும். முடியை நேராக்கும் மருந்துகள் சிலவற்றைச் சூடேற்றுங்கால் பார்மால்டிஹைடு ஆவி எழும். அதனை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என வகுத்தது. பிறர்போல் தோன்றவேண்டி இவ்விடர்க்கு உடன்படுதல் அறிவுடைமையாகாது.

தோலுக்கு மேல் வளர்ந்த மயிர் உயிரற்றது. கெட்டபின் தானே ஆறும் வன்மை அதற்கில்லை. புதுமுடியோ திங்களொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டரே வளரும். ஒரு குளிர்காலத்தில் நேர்ந்த கேட்டை ஈடுசெய்யப் பல திங்கள் செல்லுமாதலின், வருமுன் காத்தலே கடன்.

இறுதியாக ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், இயல்பான முடியமைப்பைக் காரணமாகக் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேற்றுமை பாராட்டலாகாது என 2019-இல் சட்டம் இயற்றியது. சுருள்முடியால் தாழ்வுற்றார் பலர் இருந்தமையாலன்றோ அச்சட்டம் வேண்டப்பட்டது? அயல்நாடு செல்லும் நம் மாணவர், தம் முடி குறையுடையதென நாணி அதனை மாற்ற முயலாது, அதன் இயல்பறிந்து பேணிக்கொள்வாராக.