வெள்ளைக் கோடு போட்ட செங்கல் வீடு

சிட்னி நகருக்கு மேற்கே இருக்கும் ஹேபர்ஃபீல்டின் பழைய வீடுகளில் முதலில் கண்ணைப் பிடிப்பது முகப்புச் சுவர்தான். சிவந்த செங்கற்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். இத்தனை நேர்த்தியாகக் கல் அடுக்க முடியுமா என்று தோன்றும். முடியாது, இது கொத்தனாரின் கண்கட்டு வித்தை.

கல்லிடைச் சந்துகளைச் செங்கல் நிறக் கலவையால் நிரப்பி மட்டமாக்குவார்கள். கல் ஓரத்தின் சொத்தையெல்லாம் அதில் மறைந்துவிடும். அதன்மேல் மட்டக்கட்டை பிடித்துச் சுண்ணாம்புச் சாந்தால் கோடு இழுத்து, இருபுறமும் கத்தியால் சீவுவார்கள். ‘டக்பாயிண்டிங்’ என்று பெயர். தெருவைப் பார்த்த சுவருக்குத்தான் பெரும்பாலும் இந்த அலங்காரம். பக்கச் சுவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரிட்டிஷ் காலனிகள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. ஏறத்தாழ 1890 முதல் 1915 வரை கட்டிய வீடுகளைக் கூட்டாட்சிக்கால வீடுகள் என்கிறார்கள். 1900இல் சிட்னியைப் பிளேக் உலுக்கியிருந்தது. நெரிசலான தெருக்களை மக்கள் அஞ்சினார்கள். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் ஸ்டான்டன் என்ற மனை வணிகர் ஹேபர்ஃபீல்டைத் தொடங்கினார். நெரிசல் குடியிருப்பு, பின்சந்து, மதுக்கடை மூன்றும் இல்லாத ஊர் என்பதே அவருடைய விளம்பரம். தனித்தனி மனை, ஒற்றைத் தளம், செங்கல் அல்லது கல் சுவர் என்று நிபந்தனைகளும் உண்டு. பார்ட்டன், டீக்கின் என நாட்டின் முதல் மந்திரிசபையில் இருந்தவர்களின் பெயர்களே தெருக்களுக்கும் அமைந்தன.

இந்த வீடுகளின் கூரையில் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மார்செய் ஓடு. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் சுடுமண் ஓடு இது. நமக்குத் தெரிந்த மங்களூர் ஓட்டின் உறவுக்காரன். முதல் உலகப் போரில் கப்பல் வரத்து தடைப்பட, உந்தர்லிக் நிறுவனம் சிட்னியிலேயே ஓடு சுடத் தொடங்கியது. பூவேலை அச்சடித்த தகர உட்கூரைகளும் அந்த நிறுவனத்தின் சரக்குதான். சிட்னி நகர மண்டபத்தின் பெரிய ஆர்கன் இசைக்கருவியின் அதிர்வில் சாந்துப்பூச்சு உதிருமோ என்று பயந்து, 1889இல் அங்கே உலோகத் தகட்டையே பொருத்தியிருந்தார்கள். பின்னர் அது வீடுகளின் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று ஹேபர்ஃபீல்டு மரபுப் பாதுகாப்புப் பகுதி. அங்கே இடிப்பவர்களைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆர்வக்கோளாறில் பழுது பார்ப்பவர்கள்தான் பெரிய தொல்லை. பழைய கல்லிடைச் சந்துகளில் சிமென்ட் அடைத்தால், சுண்ணாம்பு வழியே வெளியேறிய ஈரம் செங்கல்லுக்குள் தேங்கும். சில ஆண்டுகளில் கல்லின் முகமே பொரிந்து உதிரும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை அந்தச் சுவரைத் தொடாமல் விடுவதே நல்லது.